பதினோரு மில்லிமீட்டர்

பள்ளியில் அளவைகள் பாடம் தொடங்கியதிலிருந்து நிலோஃபர் ஸ்கேலும் கையுமாகவே திரிந்தாள். ஒருநாள் படுக்கையறைச் சுவரில் இருந்த விரிசலை அளந்தாள்.

"நாலு மில்லிமீட்டர் அத்தா."

பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்த அன்றே அவள் அப்பா ஜமால் அந்த விரிசலைப் பார்த்திருந்தார். வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"மீட்டர்ல சொல்லு பாப்போம்."

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "சைபர் பாயிண்ட் சைபர் சைபர் நாலு."

"பாத்தியா, ஒண்ணுமே இல்ல."

மனைவி ரஹ்மத் சிரிக்கவில்லை. "கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல போய் இருப்போமே" என்றாள். ஜமால் காதில் வாங்கவில்லை.

அடுத்த வாரம் விரிசல் பதினோரு மில்லிமீட்டர் ஆகியிருந்தது. அவர் கிலோமீட்டரில் கேட்டார். நிலோஃபர் சைபர்களை அடுக்கிச் சொன்னாள். வெளியே மண் அள்ளும் இயந்திரம் உறுமியது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"அத்தா, ஸ்கேல் பத்தல. என் கையே உள்ள போகுது."

"கைய எடு! வெளிய வா!"

அவர் ஓடினார். கதவு திறக்கவில்லை. நிலைச்சட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்து கதவைக் கவ்வியிருந்தது. தோளால் ஒருமுறை இடித்தார். உள்ளே பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இடிக்காதீங்க!" ரஹ்மத் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே நிலோஃபர் அழவில்லை. "இங்கேருந்து பள்ளம் தெரியுது அத்தா" என்றாள்.

ஜமால் கதவில் வைத்த கையை எடுக்கவும் பயந்து அப்படியே நின்றார்.