கடைசி ஆள்

ஹவானாவின் அந்த ஐஸ்கிரீம் கடையில் திருவிழாக் கூட்டம். கடைசி ஆள் யாரென்று கேட்டு, அவருக்குப் பின்னால் காத்திருப்பது ஊர் வழக்கம். மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்திருந்த எலோய்சாவும் கேட்டாள், "கடைசி யாருங்க?"

"நான்தான் தாயே!" மரத்தடியிலிருந்த மஞ்சள் கவுன்காரி துள்ளினாள். "பின்னால ஒரு ஆள் வந்தாத்தானே நான் போக முடியும்? அப்பாடா, விடுதலை!"

"ஐஸ்கிரீமுக்கா இவ்வளவு அலப்பறை?" எலோய்சா சிரிப்பதற்குள் மஞ்சள் கவுன்காரியைக் காணோம்; மரத்தடியில் எலோய்சா மட்டும்.

கணவன் ஃபெர்மின் ஓடி வந்தான். "எலோய்சா! கப்பல் கிளம்புதுடீ!"

"இங்கதான்யா இருக்கேன். கண்ணு அவிஞ்சுபோச்சா?"

அவன் அவள் உடம்பை ஊடுருவி, காற்றைக் கடப்பதுபோல நடந்து, காவலாளியிடம் போனான். "மரத்தடியில நின்ன என் பொண்டாட்டி எங்கே?"

"அங்க யாருமே இல்லியே அண்ணே. உள்ள இருப்பாங்க. நீங்களும் வரிசைக்கு வாங்க."

ஃபெர்மின் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "கடைசி யாருப்பா?"

'நான்தான்' என்று சொல்லிவிட்டால் அவளுக்கு விடுதலை. மரத்தடி இனி அவனுக்கு.

எலோய்சா இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.