மண்ணீரல் வகுப்பு

"இடது விலாவுக்குள்ள இருக்குற மண்ணீரல் சாதாரணமா கைக்குத் தட்டுப்படாது. தட்டுப்பட்டா அது வீங்கியிருக்குன்னு அர்த்தம்," என்றார் திரையில் பேராசிரியர். கல்லூரி மூடிக் கிடந்ததால், மருத்துவ மாணவர்கள் வீட்டில் அகப்பட்ட ஆளைப் படுக்க வைத்திருந்தார்கள். நிலோஃபருக்கு அகப்பட்டவர் அவளைப் பெற்ற அத்தா. சட்டையைத் தூக்கிவிட்டுக் கட்டிலில் கிடந்தவர், "சந்தையில கோழிய அமுக்கிப் பாக்குற மாதிரியே பாக்குறியேம்மா," என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்கத்தா, வயிறு இறுகுது. மூச்ச நல்லா இழுங்க."

இழுத்தார். இடது விலாவுக்குக் கீழே ஏதோ ஒன்று இறங்கி வந்து அவள் விரல்நுனியை இடித்தது. திரையோரச் சாட்டில் "தட்டுப்படல சார்", "இல்லை சார்" என்று மற்றவர்களின் பதில்கள் விழுந்துகொண்டிருந்தன. அவள் மைக்கைத் திறந்தாள்.

"சார், எனக்கு என்னமோ தட்டுப்படுது. விலா எலும்பா என்னன்னு தெரியல. இதுக்கு முன்னாடி யாரையும் தொட்டுப் பாத்ததே இல்ல சார்."

"கேமராவக் கிட்ட காட்டும்மா."

காட்டினாள்.

"தோல்தாம்மா தெரியுது. நான் இங்கேருந்து எப்படித் தொடுறது? காலேஜ் தொறக்கட்டும், பாக்கலாம். நேரமாச்சு."

அவர் போனதும் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: இன்றைய வகுப்பு திருப்தியாக இருந்ததா? கீழே ஒரு சிரித்த முகம், ஒரு சுளித்த முகம். சுளித்த முகத்தைத் தொட்டால் காரணம் கேட்கும். எதையும் தொடாவிட்டால் வருகைப்பதிவு ஏறாது.

"என்னம்மா, நான் பாஸா? எந்திரிக்கவா?" என்றார் அத்தா.

நிலோஃபர் இடது கையால் சிரித்த முகத்தைத் தொட்டாள். வலது கையை அவர் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.