கைகள் காய்த்த மரம்

பெரிய போர் முடிந்து ஏழு வருடம் ஆகியும் ஊர் அதை முழுதாக நம்பியிருக்கவில்லை. அந்த நாட்களில்தான் வயித்திலிங்கம் ஒரு செப்புத்தகட்டில் கைகள் காய்க்கும் மரத்தைச் செதுக்கி முடித்தார். கிளைதோறும் விரல் விரித்த கைகள். அடியில், போரில் இடது கையை இழந்து திரும்பிய தம்பி கனகு அண்ணாந்து நின்றான். தகட்டில் மை தடவி, முதல் தாளை அச்சிலிருந்து உரித்து, இருவரும் குனிந்து பார்த்தார்கள். தாளில் கனகுவுக்கு இடது கை இருந்தது. வலது கையைக் காணோம். செதுக்கியது தாளில் இடம்வலமாகத் திரும்பி விழும் என்று தெரிந்து, முப்பது வருடங்களாகக் கடைப்பெயர்களைத் திருப்பியே செதுக்கியவர், தம்பியை மட்டும் கண்ணால் கண்டபடியே செதுக்கிவிட்டிருந்தார்.

"மை இன்னும் ஈரமாத்தான் இருக்கு. இதுமேல வெறுந்தாளை வச்சு அழுத்தினா மறுபடி சரியா திரும்பிடும்" என்று அவசரமாக ஒரு தாளை எடுத்தார்.

கனகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சுட்டதெல்லாம் வலது கைதாண்ணே. இடது கை பாவம், துப்பாக்கியத் தாங்கிட்டு சும்மா இருந்துச்சு. போனது அது."

"அதுக்காகப் படம் தப்பா இருக்கலாமாடா?" வயித்திலிங்கம் தாளைப் படத்தின்மேல் இறக்கப்போனார்.

"வேணாம்ணே. காயட்டும்."

கனகு அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். இடது கையின் ஐந்து விரல்களும் வெதுவெதுப்பாக இருந்தன. நுனிகளில் மை ஈரம். சன்னல் வழியாக வந்த காற்றில் தம்பியின் வலது சட்டைக்கை வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.