கொடும்பாவியின் கால்

மழை பொய்த்துப்போன அந்த ஊரில் கொடும்பாவி கட்டி இழுத்தார்கள். ஊரின் பாவமெல்லாம் ஏற்றிய வைக்கோல் பொம்மையைத் தெருத்தெருவாக இழுத்து, செத்தவளுக்கு அழுவதுபோல் அழுது, சுடுகாட்டில் எரித்தால் வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. வீட்டுக்கு ஒரு பிடி வைக்கோல் கேட்டு வந்தபோது பூவாயியும் கொடுத்திருந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய பசுவுக்குப் போட எதுவும் இல்லை.

பொம்மை அவள் வாசலுக்கு வந்தது. பெண்கள் தொண்டை கட்டிப்போன குரலில் மாரடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். கட்டிவைக்கத் தேவையில்லாமல் வாசலிலேயே படுத்துக்கிடந்த பசு, தட்டுத்தடுமாறி எழுந்தது. மெல்ல நடந்து போய் பொம்மையின் காலைக் கவ்வியது.

"ஏய் பூவாயி, பிடி அதை! பாவத்தைத் தின்னா பால் விஷமாயிரும்" என்று கத்தினார் கொள்ளிச்சட்டி ஏந்தி வந்த பழனியாண்டி.

"பால் எங்க மாமா இருக்கு?" என்றாள் பூவாயி. அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

கயிறு பிடித்தவர்கள் நின்றார்கள். யாரும் பசுவை விரட்டவில்லை. ஒப்பாரி தானாக அடங்கி, வைக்கோல் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. பழனியாண்டி வெளுத்த வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டியைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"சரி, தின்னு முடிக்கட்டும்."

அழுதுகொண்டு வந்தவர்களில் ஒருத்தி, வீட்டில் சினைமாடு வைத்திருப்பவள், யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து, பொம்மையின் இடுப்புக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.