புகை போடும் முன்

துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கின் முற்றத்தில் மாலை வெயில் ஒரு கண்டெய்னர்மேல் சாய்ந்து விழுகிறது. பெரு நாட்டு மலைச்சரிவில் ரசாயன உரமோ பூச்சிமருந்தோ படாமல் விளைந்த காப்பிக்கொட்டை உள்ளே இருக்கிறது. அதை வரவழைத்த பகவதி, திறந்த கதவருகே நின்று ஒரு சணல் மூட்டையைத் தடவிக்கொண்டிருக்கிறாள். துறைமுக அதிகாரிகளின் சோதனையில் உயிருள்ள வண்டு அகப்பட்டுவிட்டது. விஷப்புகை போடாமல் சரக்கை வெளியே விடமாட்டார்கள். புகை பட்டபின் இயற்கைக் காப்பி என்று சொல்லி அதை விற்க முடியாது.

“திருப்பி அனுப்பவாவது வழி உண்டா, அண்ணாச்சி?” என்கிறாள்.

புகை போட வந்திருக்கும் மந்திரமூர்த்தி முகமூடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். “கேட்டாச்சும்மா. திரும்பக் கப்பல் ஏறணும்னாலும் புகை போட்டுத்தான் ஏறணும்னு சொல்லுதாவ. நான் என்ன செய்ய? கொஞ்சம் தள்ளி நில்லு.”

அவள் தள்ளி நிற்கிறாள். கதவு சாத்தப்படுகிறது. இடுக்குகளில் டேப் ஒட்டும் சத்தம் கிழிசலாகக் கேட்கிறது. அப்போது அவள் போன் அடிக்கிறது. வீடியோவில் ரோசா, அந்தக் காப்பியை விளைவித்தவள். அங்கே இப்போதுதான் விடிந்திருக்கிறது. பின்னால் பெண்கள் குனிந்து கையால் களை பிடுங்குகிறார்கள்.

“காப்பி வந்துவிட்டதா? காட்டு” என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்கிறாள் ரோசா.

பகவதி போனை மெல்லக் கண்டெய்னர் பக்கம் திருப்புகிறாள். ரோசா மற்றவர்களைக் கூவி அழைக்கிறாள். மண் ஒட்டிய கைகளோடு எல்லோரும் ஓடிவந்து பார்த்துவிட்டுக் கை தட்டுகிறார்கள்.