ஆச்சு

மாடிப்படியில் இனி ஒரு முடி கிடந்தாலும் நாய்க்குட்டி இங்கே இருக்கக்கூடாது என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். உதிரும் முடியைச் சீவி எடுத்தாயிற்றா என்று மாலையில் பார்க்க வருவதாகவும். குட்டியோ சீப்பைக் கண்டாலே கட்டிலடியில் பதுங்கியது. முதன்முதலில் அழுத்திப் பிடித்துச் சீவியபோது, அது அலற அலற, "ஆச்சு, ஆச்சு, இதோ ஆச்சு" என்று சுகந்தி தேற்றியதுதான் பிழை. முடிவே இல்லாத ஒன்றின் பெயராக அந்தச் சொல் குட்டிக்குள் தங்கிவிட்டது. கணவன் திருமாறன் "சமையல் ஆச்சா?" என்று கேட்டாலும் நடுங்கியது.

"உன் புள்ளைக்குத் தமிழ் நல்லாவே புரியுது."

"இன்னிக்கு மட்டும் அந்த வார்த்தைய எடுக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சீப்பைத் தரையில் வைத்து, வாய் திறவாமல் அமர்ந்தாள். அவள் கண்கள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலைந்தன. வெகுநேரம் கழித்துக் குட்டி ஊர்ந்து வந்து சீப்பை முகர்ந்தது. சீப்பின் முதுகால் அதன் கழுத்தை வருடினாள். பிறகு, மெல்ல, பற்களால். குட்டி விலகவில்லை. அவள் மடியில் தாடையைச் சாய்த்துக்கொண்டது. பாதி முதுகு இன்னும் மீதமிருந்தது.

படியில் வீட்டுக்காரம்மாவின் செருப்போசை ஏறி வந்தது. கதவருகே வந்ததும் அவர் என்ன கேட்பார் என்று சுகந்திக்குத் தெரியும். சீப்பை நழுவவிட்டு, இரு உள்ளங்கைகளாலும் குட்டியின் காதுகளைப் பொத்தினாள்.