அஞ்சு மணித் தேங்காய்

மகனைப் பார்க்க மருமகள் வீட்டுக்கு வந்த சுலைஹா உம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். மகன் றிஸ்மி வியர்த்து வடிய மூன்றாவது தேங்காயைத் திருவிக்கொண்டிருந்தான்.

“என்ன முஸ்பிறா, இரவைக்கு விருந்தா?”

“இல்ல மாமி. கறியெல்லாம் பகலே ஆக்கிட்டன்.”

“அப்ப இந்தத் தேங்காய்ப்பூ?”

“கோழிக்குத்தான்.”

“கோழிக்கா! என்ட புள்ளைய ஒங்கட ஊட்டுக்கு மாப்பிள்ளையா அனுப்பினனா, வேலைக்காரனா அனுப்பினனா? எழும்புங்க மகன், நம்மட ஊட்ட போவம்!”

றிஸ்மி எழும்பவில்லை.

“கத்தாதீங்க உம்மா. இப்ப என்ன நேரம்?”

“அஞ்சு மணி.”

“போதைத் தூள் அடிச்ச காலத்தில, அது வாங்க நான் சந்திக்குப் போற நேரம். மருந்து குடிச்சு அத விட்டு வந்த புறகும் அஞ்சு மணியானா கால் தானா அங்க போச்சு. இது மருந்தால மாறுற வருத்தமில்ல உம்மா, நானாப் பழகின பழக்கம். அந்த நேரத்துக்கு வேற பழக்கம் தாங்க எண்டு இவக்கிட்ட கேட்டதே நான்தான். இண்டைக்கு எழுபதாம் நாள்.”

சுலைஹா உம்மா முஸ்பிறாவிடம் போனாள். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தின மணி மட்டும் வேலை குடுக்கணும் மகள்?”

“பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் மட்டும் மாமி.”

“அல்லாஹ் ஒங்களுக்கு றஹ்மத் செய்யட்டும். நாளைக்கு நாலரைக்கே நானும் வாறன். பெரிய சட்டியா எடுத்து வைங்க, இவன் திருவுற தேங்காய்ப்பூவில எண்ணெய் காய்ச்சுவம்.”